கோடு இல்லாத இடம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி இதைப் புகாராகச் சொல்வாள். நான் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். பால் பூத்தில் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். ஆட்டோக்காரர் தானாகவே "மீட்டர்லயே போலாம் சார்ஜி" என்று சொன்னால் இறங்கி வேறு ஆட்டோ பிடிப்பேன். டெல்லி துவாரகாவில் ஃப்ளாட் பார்க்கப் போனபோது, லிஃப்டைப் பற்றி பில்டர் அளவுக்கு மீறிப் புகழ்ந்ததால் படியேறியே போனேன். அந்த லிஃப்ட் இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. அதுவும் எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு டெல்லியில் வீடியோ எடிட்டராகக் காலம் தள்ளி, ஓய்வும் பெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது என்று, புதிதாக எடிட்டிங்குக்கு வரும் உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன். எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதை நீங்கள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்வீர்கள். எதை நம்பக் கூடாது என்பதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை.

முதலில் கோடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெட்டி அடுக்கும் படத்துண்டுகள் வரிசையாக நிற்கும் டைம்லைனுக்கு மேலே மெல்லியதாக ஒரு கோடு ஓடும். ஒரு துண்டின் மேல் எழுத்தோ, நிற மாற்றமோ, வேறு வித்தையோ போட்டால் கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் புதிதாகச் சமைக்க வேண்டும். அப்படிச் சமைத்து வைப்பதற்குத்தான் ரெண்டர் என்று பெயர். சிவப்புக் கோடு என்றால் இன்னும் சமைக்கவில்லை, ஓட்டினால் படம் திக்கித் திணறும். மஞ்சள் என்றால் சமைக்கவில்லை, ஆனால் ஓடும்போதே சமாளித்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. பச்சை என்றால் சமைத்து எடுத்து வைத்தாயிற்று. கோடே இல்லையென்றால் சமைக்க எதுவுமில்லை, வந்த படம் வந்தபடியே இருக்கிறது. மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் உண்டு, எங்களுடையது இப்படி.

மஞ்சளை நம்பி எங்கள் முதலாளி ஒருமுறை மாட்டிக்கொண்டார். ஏதோ ஒரு துறையின் விழாவுக்குச் செய்த படம். டேப்பில் ஏற்ற நேரமில்லை என்று கம்ப்யூட்டரையே அரங்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நேராக ஓட்டினார். பெரிய அதிகாரி ரிப்பன் வெட்டிவிட்டு வாயைத் திறந்து சிரிக்கும் இடத்தில் மஞ்சள் கோடு. படம் அங்கேயே நின்றுவிட்டது. பின்னணிக் குரல் மட்டும் அவருடைய சுறுசுறுப்பைப் புகழ்ந்துகொண்டே போனது. விழா முடிந்ததும் அந்த அதிகாரி முதலாளியை ஓரமாக அழைத்து, உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்டாராம். அவரும் என்னைப் போன்ற ஆள்தான் போலிருக்கிறது.

ஆனால் சிவப்பும் மஞ்சளும் பயமுறுத்தியாவது வைக்கும். நான் சொல்ல வந்தது கோடே இல்லாத இடத்தைப் பற்றி.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். தெற்கு டெல்லியில் ஒரு மார்க்கெட்டின் பேஸ்மென்ட்டில் எங்கள் ஸ்டூடியோ. காலை ஷிஃப்ட் பல்பீர், மதியத்துக்கு மேல் நான். பல்பீர் தங்கமான மனிதர். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. எடிட்டிங் அறையில் இது ஆபத்தான நற்குணம் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அரே மதராஸி, நீ உன் நிழலையே நம்பமாட்டே" என்று சிரிப்பார்.

ஒரு சேனலுக்காக சோனல் என்ற இளம் டைரக்டர் ஒரு நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தாள். அலுவலகங்களில் மேலதிகாரிகளின் தொல்லைக்கு ஆளான பெண்களைப் பற்றியது. அதில் ஒருவர் நம்ம ஊர்க்காரர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தவர், ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். பெயரை அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். பேட்டியை இந்தியில்தான் ஆரம்பித்திருக்கிறார். கோபம் வந்ததும் தமிழுக்கு மாறி, அதன் பிறகு இந்திப் பக்கமே திரும்பவில்லை. நிகழ்ச்சியில் அவர் குரலை எடுத்துவிட்டு வேறொரு பெண்ணின் இந்திக் குரலைப் போடுவதாக ஏற்பாடு. அவர் வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது.

அவர் போட்ட நிபந்தனை இரண்டு. முகம் தெரியக் கூடாது. டேப் வெளியே போகும் முன் அவரே வந்து பார்க்க வேண்டும். அவருடைய புகாரின் மேல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. டிவியில் பேசியது அவர்தான் என்று தெரிந்தால், அலுவலக ரகசியத்தை வெளியே விட்டதாகச் சொல்லி அவர் மேலேயே திருப்பிவிடுவார்கள். வேலை போய்விடும்.

முகத்தின் மேல் வட்டமாக ஒரு ப்ளர், அதாவது மங்கல், போட்டேன். முதல் நாள் போட்டது ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிற வட்டம்; அதில் ஒரு காப்பியைப் பல்பீருக்கும் கொடுத்தேன். அடுத்த நாள் உட்கார்ந்து, அவர் தலை அசைகிற ஒவ்வோர் இடத்திலும் வட்டமும் கூடவே நகரும்படி மாற்றினேன். கண்ணைப் பிடுங்கும் வேலை. முடித்தபோது பேட்டிக்கு மேலே சிவப்புக் கோடு நீளமாக நின்றது. அன்று மின்சாரம் வந்து வந்து போய்க்கொண்டிருந்ததால் ரெண்டரை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மதியம் பேஸ்மென்ட்டுக்குள் நுழைந்தால் சோஃபாவில் சஃபாரி சூட் போட்ட ஓர் ஆள். முன்பின் பார்த்ததில்லை. கையில் தோல் பை. கண் மானிட்டரிலேயே இருந்தது.

"யாரு இந்த மேடம்?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க யாரு?" என்றேன்.

"முதலாளிக்குத் தெரிஞ்சவன். உக்காந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் மானிட்டரைப் பார்த்தார்.

மானிட்டரை அணைத்துவிட்டு, முதலாளி மேலே இருக்கிறார் என்று அவரைக் கிளப்பினேன். முதலாளி அன்று ஊரிலேயே இல்லை.

சோனல் உற்சாகமாக இருந்தாள். "டன் சார்! காலையில பல்பீர்ஜி ஓட்டிக் காட்டினார், வெண்ணெய் மாதிரி ஓடுது. சிவப்பே இல்ல. டேப்ல ஏத்திக் குடுங்க, டிரைவர் வெயிட் பண்றான். சாயங்காலத்துக்குள்ள சேனல்ல இருக்கணும்." அவள் சொன்னதும் இந்திதான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு இல்லைதான். ஆனால் பச்சையும் இல்லை. நான் நேற்று நீளச் சிவப்பை விட்டுப் போன இடத்தில் ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது.

உங்களில் யாராக இருந்தாலும் அந்தச் சுத்தத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்கிறேன். சிவப்பு பச்சையாகலாம், யாரோ ரெண்டர் செய்திருக்கிறார்கள். சிவப்பு ஒன்றுமில்லாமல் போக முடியாது. ஒரு முகத்தை மறைக்க வேண்டிய இடத்தில் கோடே இல்லையென்றால், மறைக்க எதுவுமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்று அர்த்தம். என் மனம் உடனே சஃபாரி சூட்டுக்குத்தான் போனது. யாரோ வந்து ப்ளரை எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததும் பல்பீர் மேலும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதரிடம் யார் என்ன கேட்டார்களோ!

ஓட்டினேன். ப்ளர் இருந்தது. முகம் மங்கலாக, அழகாக, நடுவில்.

சோனல் கலகலவென்று சிரித்தாள். "பாருங்க, இருக்கு! நீங்க சும்மாவே டென்ஷன் ஆவீங்க."

அப்போதுதான் எனக்கு இன்னும் பயம் அதிகமானது. இருக்கிற ப்ளருக்குக் கோடு ஏன் இல்லை? பல்பீருக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அரே மதராஸி, சோனல் மேடம் பாக்கணும்னு சொன்னாங்க. சிவப்பு, திக்கித் திக்கி ஓடிச்சு, பாவம் முகமே வாடிப்போச்சு. அந்த இடத்தைத் தனி ஃபைலா வெளிய எடுத்து, அதையே திரும்ப உள்ள வெச்சுட்டேன். ஜல்தி ஆயிடுச்சு. ஏன், நல்லா ஓடலையா?"

விஷயம் விளங்கியது. அன்றைக்கு டெல்லி ஸ்டூடியோக்களில் எல்லோரும் செய்கிற தந்திரம்தான் அது. சிவப்பைப் பார்த்தால் பார்ட்டிகள் நம்மைச் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்பதால், சிவப்பான இடத்தை ஒரு முழுப்படமாக வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். இப்போது அது கம்ப்யூட்டருக்கு வேறெந்தப் படத்தையும் போல ஒரு படம். உள்ளே ப்ளர் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. கோடும் போடாது.

"எந்த காப்பியிலேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"என் காப்பியிலேர்ந்துதான். முந்தாநாள் நீ குடுத்தியே, அது."

முந்தாநாள் நான் கொடுத்தது அசையாத வட்டம்.

சோனலைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி ஓட்டினேன். "இந்தியைக் கேட்காதே. வட்டத்தைப் பார்க்காதே. வட்டத்துக்கு வெளியே பார்" என்றேன். பேட்டியின் நடுவில் அவர் பேச்சை நிறுத்தி, ஓரத்தில் இருக்கிற தண்ணீர் டம்ளரை எடுக்கக் குனிகிறார். முகம் வட்டத்தைவிட்டு வெளியே வந்தது. மூக்குத்தி, நெற்றிப் பொட்டு, கலங்கின கண், எல்லாம் தெளிவாக. வட்டம் பாட்டுக்கு வெறும் சுவரை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு முகம் உள்ளே போய்விட்டது. காலையிலிருந்து பார்த்த யார் கண்ணிலும் அது படவில்லை, ஏனென்றால் எல்லோரும் மறைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோனலுக்கு முகம் வெளுத்துவிட்டது. கெட்ட பெண் இல்லை. ஆனால் டிரைவர் வாசலில் நிற்கிறான், சேனலிலிருந்து போன் மேல் போன். "ஒரே ஒரு செகண்ட்தானே சார்... யார் கவனிக்கப் போறாங்க?" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க மேலதிகாரி கவனிப்பான். அவன் அதுக்காகவே உக்காந்து பாப்பான்" என்றேன். "இன்னொண்ணு. அவங்க வந்து பாக்கணும்னு சொல்லியிருந்தாங்களே, கூப்பிட்டியா?"

கூப்பிடவில்லை. வந்தால் ஏதாவது மாற்றச் சொல்வார் என்று பயந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. நானே அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். யார் எடுப்பார்களோ என்று, பிள்ளையின் ஸ்கூலிலிருந்து பேசுவதாகச் சொல்லித்தான் அவரை லைனுக்கு வரவழைத்தேன்.

அவர் வருவதற்குள் என் காப்பியைத் திறந்து ரெண்டர் போட்டேன். முடிய எவ்வளவு நேரம் என்று திரை சொன்னதைப் பார்த்து சோனல் பெருமூச்சு விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த நேரம் குறையாமல் கூடியிருந்தது. அதையும் நம்பாதீர்கள். வேலையின் சுலபமான பாதியைப் பார்த்துவிட்டுச் சொல்கிற கணக்கு அது. வெளியே மே மாத வெயிலில் எல்லா ஏசியும் ஓட, விளக்கு மங்கி மங்கி எரிந்தது. யூபிஎஸ் ஒவ்வொரு முறை 'பீப்' என்று கத்தியபோதும் எனக்கு உயிர் போய் வந்தது. மற்ற மானிட்டர்களையும் ஏசியையும் நிறுத்தச் சொன்னேன். புழுக்கத்தில் இரண்டு பேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பச்சை வந்த சமயத்தில் அவரும் வந்தார். துப்பட்டாவை முக்காடாகப் போட்டு, வெயிலுக்குப் போட்டதுபோல் முகத்தையும் சுற்றியிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம்.

"குழந்தையோட மந்திர் மார்க் ஸ்கூல் வேன் வர்றதுக்குள்ள நான் வீட்ல இருக்கணும் சார். சீக்கிரம் காட்டுங்கோ."

"எல்லாம் ரெடிம்மா. பாருங்க, பச்சை வந்தாச்சு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"பச்சைன்னா என்ன அர்த்தம்?"

"நாம சொன்ன வேலையை மெஷின் முடிச்சுடுத்துன்னு அர்த்தம்."

"அச்சா. சொன்ன வேலை போறுமான்னு அது சொல்லுமா?"

ஓட்டினேன். வட்டம் அவர் தலையோடு ஒட்டிக்கொண்டு போனது. டம்ளருக்குக் குனிந்தபோதும் விடவில்லை. சோனல் என் தோளைத் தட்டினாள். அவர் மட்டும் "நிறுத்துங்கோ" என்றார்.

திரையில் டம்ளரைப் பிடித்திருந்த கையைக் காட்டினார். மணிக்கட்டில் நீளமாக ஒரு பழைய தழும்பு. "இது குக்கர் சுட்டது. என்னை முகத்தை வெச்சா அடையாளம் தெரிஞ்சுக்கறா? நாள் முழுக்க ஃபைலை நீட்டற கை சார் இது. எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் தெரியும். வீட்ல..." என்று நிறுத்தினார்.

"வீட்ல சொல்லலையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது; கேட்டுவிட்டேன்.

"சொன்னா எங்காத்துக்காரர் அந்த ஆபீசரை ஒண்ணும் கேக்கமாட்டார். வேலையை விடுன்னுதான் சொல்வார். அதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. முகம், முகம் என்றே இரண்டு நாளும் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் பச்சைக் கோட்டைச் சந்தேகப்படவில்லை.

சோனல் மணியைப் பார்த்தாள். கைக்குத் தனியாக ஒரு வட்டம் போட்டு நகர்த்திக்கொண்டிருந்தால் சாயங்காலம் போய்விடும். அவசரத்தில் போடும் வட்டம் எங்காவது நழுவும். மறைப்பதற்கு நேரமில்லாதபோது மறைக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கினேன். கை திரையைவிட்டு வெளியே போகிறவரைக்கும் பெரிதாக்கினேன். திரையில் ஒரு பெரிய மங்கலும் அதற்குப் பின்னால் கொஞ்சம் சுவரும்தான் மிஞ்சின. டம்ளருக்குக் குனிகிற இடத்தை வெட்டி, அங்கே ஜன்னல் திரைச்சீலையின் படம் ஒன்றை வைத்தேன். சோனல் முனகினாள். "இது படமே இல்ல சார், வெறும் கலர்."

"அதுதான் எனக்கு வேணும்" என்றார் அவர்.

மறுபடியும் சிவப்பு. மறுபடியும் யூபிஎஸ்ஸின் கத்தல். பச்சை வந்ததும் டேப்பில் ஏற்றினேன். ஏற்றிய டேப்பை ரீவைண்ட் செய்து, கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, டேப்பையே முழுக்கப் போட்டுப் பார்த்தேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அடிக்கட்டும். வெளியே போவது கோடு இல்லை, டேப். அதனால் கடைசியில் பார்க்க வேண்டியது அதைத்தான். பல்பீரின் அந்த ஃபைலை என் கையாலேயே அழித்தேன்.

அவர் எழுந்து மறுபடி முகத்தைச் சுற்றிக்கொண்டார். வாசலில் சஃபாரி சூட்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் பின்பக்கப் படி வழியாக அனுப்பிவைத்தேன். அந்த ஆள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என்று முதலாளி பிறகு சொன்னார். இருக்கலாம்.

நிகழ்ச்சி வந்து சில நாட்கள் ஆகியிருக்கும். ஸ்டூடியோவுக்கு ஒரு போன். எடுத்தால் அவர்தான்.

"ஆபீஸ்ல ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் டிவி பாத்திருக்கா. என் டேபிளுக்கே வந்து, யாரா இருக்கும்னு கேட்டா. யாருக்கும் தெரியல." குரலைத் தாழ்த்தினார். "ஆத்துலயும் பாத்தோம். அவர் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். சாப்பிட்டுண்டே பாத்தார்."

"தெரியலையே?"

"தெரியல. நான் பேசினதை முழுக்கக் கேட்டார் சார். முடிஞ்சதும், 'பாவம், யாரோட ஆம்படையாளோ'ன்னார். அப்புறம், 'இத்தனை நாளா இவ புருஷன் என்ன பண்ணிண்டிருந்தான்?'னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"இன்னொரு சப்பாத்தி போடட்டுமான்னு கேட்டேன்" என்றார். பிறகு தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் வேலை அவ்வளவு சுத்தமாக முடிந்திருந்தது. அன்று பூராவும் எனக்கு அந்த மெஷினைத் தொடப் பிடிக்கவில்லை.